பழைய கான்கிரீட் தளத்தின் மேலேயே தார் போடலாமா? அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். வெளிக்கதவிலிருந்து கார் நிறுத்துமிடம் வரை எங்கள் வீட்டில் உள்ள கான்கிரீட் தளம் பல இடங்களில் விரிசல் விட்டு, மேற்பரப்பு பெயர்ந்து போய்விட்டதால், அதை உடைத்து அகற்றாமல் மேலேயே தார்க் கலவை போட எண்ணியுள்ளோம்.

என்னை உறுத்துவது விரிசல்கள்தாம். கான்கிரீட் வெப்பத்தில் விரிந்து குளிரில் சுருங்கும்போது அதன் இணைப்புகளில் ஏற்படும் அசைவு, மேலுள்ள தாரையும் இழுத்து அதே கோட்டில் பிளவை உண்டாக்கும் என்பதை அறிவேன். இணைப்புகளின் மேல் கண்ணாடியிழை வலை விரித்தால் அது தடுக்கப்படுமா, அல்லது சில ஆண்டுகள் தள்ளிப்போக மட்டுமே செய்யுமா? ஒரு பகுதி, காரின் சக்கரம் ஏறும்போதெல்லாம் லேசாக ஆடுகிறது; அடிமண் அரித்துப்போயிருக்க வேண்டும். அதை மட்டுமாவது உடைத்தெடுத்து, அடித்தளத்தை இறுக்கிய பிறகே தார் போட வேண்டும் என்பது என் கருத்து. ஒப்பந்தக்காரரோ தேவையில்லை என்கிறார்.

தளத்தைச் சுத்தம் செய்து, தார் எமல்ஷன் (புதிய தார் ஒட்டிக்கொள்வதற்காக, நீரில் கலந்த தார்) தெளித்து, 40 முதல் 50 மில்லிமீட்டர் கனத்துக்குப் போடுவதாகச் சொல்கிறார். தரைமட்டம் அவ்வளவு உயர்ந்தால் மழைநீர் வாசற்படியை நோக்கித் திரும்பிவிடுமோ என்று கவலையாக உள்ளது. இவ்வாறு செய்தவர்கள், நீர் வடியும் வாட்டத்தை (சரிவை) எப்படி அமைத்தீர்கள், ஓரங்கள் உதிராமல் என்ன தடுப்பு வைத்தீர்கள் என்று எழுதினால் பேருதவியாக இருக்கும்.