10×12 அறை: 83 டெசிபெல்லா, 76-ஆ?

கட்டைச்சுருதி:
அறை 10×12 அடி, உயரம் 10. சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை. புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர், 8 ஓம், சென்சிட்டிவிட்டி (1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் வரும் சத்தம்) 87 டெசிபெல். ஆம்ப் சேனலுக்கு 50 வாட். உட்காரும் இடம் ஸ்பீக்கரிலிருந்து எட்டரை அடி. கச்சேரி ரெக்கார்டிங் பாதி, சினிமாப் பாட்டு பாதி. வால்யூம் எவ்வளவு வைக்கலாம்? "காதுக்கு இதமா" என்ற பதில் வேண்டாம், எண்ணாகச் சொல்லுங்கள்.

முழுச்சத்தம்:
83. சத்தம் அளக்கும் மீட்டரை சி-வெயிட்டிங் (பாஸையும் ஏறக்குறைய முழுசாக அளப்பது), ஸ்லோவில் (மெதுவாகச் சராசரி காட்டுவது) வையுங்கள். −20 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டல் உச்சத்துக்கு 20 டெசிபெல் கீழே) பிங்க் நாய்ஸ் (அளவெடுக்கும் சீரான இரைச்சல்) ஃபைலை ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ஓட விடுங்கள். உட்காரும் இடத்தில் காது உயரத்தில் 83 காட்டியதும் வால்யூம் நாப்பில் ஒரு கோடு. சத்தம் குறையக் குறைய நம் காது பாஸைத்தான் முதலில் கைவிடும். ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே வளைகோடு போட்டுக் காட்டியாயிற்று. இன்றைய வடிவம் ஐஎஸ்ஓ 226 என்ற சர்வதேசத் தரம். அறுபதில் கேட்டுவிட்டு "பாஸே இல்ல" என்று சப்வூஃபர் வாங்கக் கிளம்புவது வீண் செலவு.

அளவுகோல்:
83, 85 எல்லாம் தியேட்டருக்கும் பெரிய மிக்ஸிங் ஹாலுக்கும் போட்ட கணக்கு சார். அமெரிக்க டிவி ஒலிபரப்புக்கான ஏ/85 பரிந்துரையில் அறையின் கன அளவைப் பார்த்துத்தான் எண் சொல்கிறார்கள். 20,000 கன அடிக்கு மேல் போனால் 85. 1,500-க்கும் கீழே என்றால் 76. இவர் அறை 1,200 கன அடிதான். சுவர் இவ்வளவு பக்கத்தில் இருந்தால் எதிரொலி உடனே வந்து சேரும், அதே 83 காதில் அறையும். டைல்ஸ் தரை வேறு.

இன்னொன்று. நீங்கள் கோடு போட்டது −20-க்கு. இன்றைய சினிமாப் பாட்டு சராசரியே −10 பக்கம் நிற்கிறது. அதே கோட்டில் வைத்தால் ஒரு ஸ்பீக்கருக்கு 93, இரண்டும் சேர்ந்து 96. நியோஷ் (அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம்) கணக்கில் காதுக்கு 85-க்கு நாளைக்கு 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் பாதியாகக் குறையும். 97-க்கு அரை மணிதான்.

முழுச்சத்தம்:
நியோஷ் சொல்வது ஏ-வெயிட்டிங் (பாஸைக் குறைத்து அளப்பது). நீங்கள் அதில் சி-யைப் போய்ப் பொருத்துகிறீர்கள். பாஸ் அதிகமுள்ள பாட்டில் சி 96 காட்டினால் ஏ 90, 91 பக்கம்தான் இருக்கும். 91-க்கு 2 மணி நேரம் உண்டு. அதோடு, நசுக்கி மாஸ்டர் செய்த பாட்டுக்கு நாப்பைத் திருப்பிக் குறைப்பது யாருக்கும் தெரிந்ததுதானே? நான் சொன்னது கச்சேரிக்கு. மிருதங்கத்தில் தொப்பியின் 'தொம்' சராசரிக்கு மேல் 15, 20 டெசிபெல் எகிறும். அந்த இடைவெளியோடு கேட்க, சராசரிச் சத்தமே உயரமாக இருக்கணும். 65-ல் வைத்தால் தம்புரா ஃபேன் சத்தத்துக்குள் போய்விடும். ஃபேனை நிறுத்தச் சொல்லாதீர்கள், மே மாதம்.

ஈயப்பற்று:
ரெண்டு பேரும் ஆம்ப்பை மறந்துட்டீங்க. 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 87. எட்டரை அடி, அதாவது 2.6 மீட்டரில் 8 போய் 79. ரெண்டு ஸ்பீக்கர் +3, அறை தருவது ஒரு 2 அல்லது 3. ஆக 1 வாட்டுக்கு சுமார் 84. 50 வாட் என்பது அதுக்கு மேல 17தான், 101-ல் கூரை இடிக்கும்.

ஸ்பீக்கருக்கு 83 என்றால் ரெண்டும் சேர்ந்து 86. 'தொம்' 20 மேல போனா 106. அதுக்கு 150 வாட்டுக்கு மேல வேணும். 76 என்றால் உச்சம் 99, 30 வாட்டில் முடிஞ்சிடும். இந்த செட்டுக்கு பதில் 76, 78.

ஆம்ப் தன் வரம்பைத் தாண்டிக் கிளிப் ஆனா அலையின் தலை தட்டையாகும், புதுசா ஹார்மோனிக்ஸ் (மேல் ஃப்ரீக்வென்சிகள்) முளைக்கும், அது நேரா ட்வீட்டருக்கு (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) போகும். அதோட வாய்ஸ் காயில் கம்பி முடி மாதிரி, அதான் முதலில் கருகும். ஊஃபர் தப்பிச்சுக்கும். நாப் 12 மணியில் இருந்தா பாதி பவர்னு நினைக்காதீங்க. சிடி பிளேயர் 2 வோல்ட் தள்ளும். பல ஆம்ப்புக்கு அரை வோல்ட்டே போதும். 10, 11 மணிக்குள்ள முழு பவர் வந்துடும். பாஸ் நாப்பில் +10 வச்சா அந்த ஃப்ரீக்வென்சியில் பத்து மடங்கு வாட்.

மூன்றாம்மாடி:
பக்கத்து வீடு? 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45. வீட்டு சவுண்ட் சிஸ்டம் எல்லைச் சுவரில் அதற்கு மேல் 5-ஐத் தாண்டக் கூடாது. இதெல்லாம் ஏ-வெயிட்டிங், 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபெல்லைக் கழித்துவிடும். மீட்டர் நல்ல பிள்ளையாக 48 காட்டும், அடுத்த வீட்டுச் சுவர் அதிரும். ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் ரப்பர் பேட் தரைவழி அதிர்வைத்தான் குறைக்கும். காற்றுவழி போகும் பாஸ் நாலரை அங்குலச் சுவரைச் சட்டை செய்யாது. இரவில் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஃபில்டர் போடுங்கள்.

அளவுகோல்:
இவர் அறையில் சிக்கலே பாஸில்தான். 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸில் அதிர்வு. அகலமும் உயரமும் ஒரே 10 என்பதால் 56-ல் இரண்டு சேர்ந்து குமுறும். அந்தக் குமுறலைக் கேட்டுத்தான் "சத்தம் போதும்" என்று நாப்பை இறக்குவார், குரல் பின்னால் போய்விடும். சுவரை ஒட்டி உட்காராமல் நாற்காலியை இரண்டடி முன்னே இழுங்கள், ஸ்பீக்கரை மூலையிலிருந்து எடுங்கள், தரையில் கனமான ஜமுக்காளம். பிறகு அளக்கலாம்.

முழுச்சத்தம்:
ஆம்ப் கணக்கை ஒப்புக்கொள்கிறேன், 78. ஆனால் இரவில் 60-க்கு இறங்கினால் போகும் பாஸுக்கு என்ன வழி?

ஈயப்பற்று:
யமஹா ஆம்ப்புகள் பலதில் தனியா லவுட்னஸ் நாப் (சத்தத்தை இறக்கும்போது பாஸை விடாமல் வைப்பது) வரும். முதலில் அது ஃப்ளாட்டில் இருக்க, மெயின் வால்யூமை நீங்க கேட்கும் உச்சத்தில் வைங்க. அப்புறம் லவுட்னஸ் நாப்பாலேயே இறக்கணும், மெயினைத் தொடக் கூடாது. ஏவி ரிசீவரில் ஆடிஸியின் டைனமிக் ஈக்யூ (சத்தம் குறைஞ்சா பாஸை ஏத்தும் வசதி) இருந்தா ரெஃபரன்ஸ் ஆஃப்செட்டை (அந்த ஏத்தத்தை மட்டுப்படுத்தும் செட்டிங்) 10 அல்லது 15-க்கு மாத்துங்க. 0-லேயே விட்டா பாட்டில் பாஸ் ஊதிப்போகும். ரெண்டும் இல்லாத ஆம்ப்னா பாஸ் +3, +4 போதும். காலையில் வால்யூம் ஏத்தும் முன்னாடி அதைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்துடுங்க.