பிள்ளைகளுக்குக் கால்வாய்க் காலத்தைக் காட்ட எங்கே போகலாம்?

தடா வாசகி:
எங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தா பக்கிங்காம் கால்வாயில் படகு ஓட்டியவர். ஸ்ரீஹரிகோட்டாவின் சவுக்கு விறகையும் பழவேற்காடு ஏரிக் கிளிஞ்சலையும் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போவார். நாங்கள் இருக்கும் தடா ஆந்திர எல்லைக்குள் வருவதால் என் பிள்ளைகள் தெலுங்கு வழியில் படிக்கிறார்கள். அவர்களுக்குக் கால்வாய் என்றாலே சாக்கடைதான். எனக்கு மனம் பொறுக்கவில்லை. தசரா விடுமுறையில் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாமா? அம்மாவும் வருகிறார்.

கும்மிடிப்பூண்டிக்காரன்:
கட்டாயம் போங்கள் அக்கா. 1996இல் திறந்த இடம். அழிய இருந்த பழைய வீடுகள் பலவற்றைத் தூணும் கதவுமாகப் பிரித்து எடுத்துவந்து திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். கேரளப் பகுதியில் புதுப்பள்ளி மர வீடு அழகுதான். ஆனால் நம் கடற்கரைக்காரர்கள் நின்று பார்க்க வேண்டியது ஆந்திரப் பகுதியின் சுட்டில்லு என்ற வட்ட வீடு. வட்டமான மண்சுவர், ஓலைக்கூரை தாழ இறங்கியிருப்பதால் குனிந்துதான் நுழைய வேண்டும். புயல்காற்று முட்டிப் பிய்க்க ஒரு மூலைகூடக் கிடையாது. என் பெண் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். குயவர் சக்கரத்தில் பிள்ளைகளைக் கை வைக்க விடுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை, மறந்துவிடாதீர்கள்.

ஏரிக்கரை:
வீடுகளை அங்கே பாருங்கள், கால்வாயை வழியிலேயே காட்டுங்கள் அம்மா. 1806இல் எண்ணூர் வரை வெட்டத் தொடங்கியது, பிறகு வடக்கே நீண்டது. சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு, தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) பசித்து வந்தவர்களை நிவாரண வேலைக்கு வைத்து வெட்டியது. 1878இல்தான் கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வெட்டியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம். மின்சார ரயிலில் வந்தால் பேசின் பிரிட்ஜ் நிலையத்தில் பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள். உங்கள் தாத்தா காலத்துப் படகுத்துறை அந்தப் பக்கம்தான். படகு ஓடிய விதத்தை அம்மா வாயாலேயே கேட்கட்டும்.

தடா வாசகி:
கேட்டேன் ஐயா. காற்று வாய்த்தால் பாய், இல்லாவிட்டால் கோல் ஊன்றுவார்களாம். எதிர்காற்றில் கரையில் இறங்கித் தோளில் கயிறு போட்டு இழுப்பார்களாம். தாத்தாவின் வலது தோளில் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன் என்கிறார் அம்மா. பெரியவன் இதைத் தன் நோட்டில் தெலுங்கில் எழுதிக்கொண்டான். புதன்கிழமை புறப்படுகிறோம். உள்ளே சாப்பாடு கிடைக்குமா?

கும்மிடிப்பூண்டிக்காரன்:
உணவகம் இருக்கிறது அக்கா. வெயிலுக்கு முன் போய்ச் சேருங்கள். அம்மாவுக்கு நடை அதிகம்.