பாரிசுக்கு 7 கிலோ பை போதுமா?

ஒத்தப்பை:
ஜனவரியில புதுச்சேரியிலிருந்து பாரிசுல சொந்தக்காரங்க வீட்டுக்கு 3 வாரம் போறவங்களுக்கு 7 கிலோ கைப்பையே தாராளம்ங்கிறது என் கட்சி. துணியைக் குறைக்கிறதுக்கு முன்னாடி பையைத் தூக்கிப் பாருங்க. சக்கரம் வச்ச கெட்டி டிராலி காலியாவே இரண்டரை, மூணு கிலோ வரும். 40 லிட்டர் தோள்பை ஒரு கிலோ சொச்சம்தான். அடுத்தது டவல். டர்க்கி டவல் அரை கிலோ, குளிர்காலத்துல வீட்டுக்குள்ள லேசுல காயாது. நம்ம ஈரிழைத் துண்டு 150 கிராம். பிழிஞ்சு உதறிப் போட்டா விடியறதுக்குள்ள காஞ்சிடும். ஜீன்ஸ் ஒண்ணே ஒண்ணு, அதையும் மாட்டிக்கிட்டே ஏறுங்க.

மஞ்சக்குப்பம்:
துண்டு சரி. ஆனா ஜனவரி பாரிசு 3லிருந்து 8 டிகிரி. கோட்டு, பூட்ஸ் எல்லாம் எங்க வைப்பீங்க? டிக்கெட்லயே 23 கிலோ செக்-இன் இருக்கும்போது அதைச் சும்மா விடுறது சிக்கனம் இல்லை, வீம்பு. கடலூர்லேர்ந்து வெறுங்கையோட போய் நின்னா சொந்தக்காரங்க என்ன பேசுவாங்க?

ஒத்தப்பை:
கோட்டும் பூட்ஸும் உடம்புல. பையில உள்ளே போடுற தெர்மல் துணி 2 செட், கம்பளி ஸ்வெட்டர் ஒண்ணு. கனமான ஒண்ணை விட மெல்லிசா மூணு போட்டா நடுவுல காத்து தங்கி சூட்டை வெளியே விடாது. பொடி, அப்பளம், முருங்கைக்காய் எல்லாம் பாரிசுல லா சப்பல் பகுதித் தமிழ்க் கடைகள்லயே கிடைக்குது, இங்கேர்ந்து எதுக்குச் சுமக்கணும்? இன்னொண்ணு: இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்து நடுவுல வேற நாட்டுல விமானம் மாறினா, அங்க செக்-இன் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி போடுற மாதிரி ஆகலாம். சிலசமயம் அதுக்கு அந்த நாட்டு விசாவும் கேட்பாங்க.

முத்தியால்பேட்டை:
ரெண்டு பேரும் எடையிலயே நிக்கறீங்க. நெய், இறைச்சி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள விடமாட்டாங்க. கறிவேப்பிலைக்கு 2019 டிசம்பர் 14லேர்ந்து பூச்சி, நோய் இல்லைங்கிற தாவரச் சான்றிதழ் வேணும். கொப்பரை தானா சூடேறித் தீப்பிடிக்கிற வகைன்னு விமானத்துல ஏத்தமாட்டாங்க. ஊறுகாய் கைப்பையில திரவக் கணக்கு, டப்பா 100 மில்லியைத் தாண்டக்கூடாது. பவர் பேங்க் நேர்மாறு, கைப்பையில மட்டும்தான். 20,000 மில்லியாம்ப் ஹவரை 3.7 வோல்ட்டால பெருக்கினா 74 வாட் ஹவர், 100க்குள்ள இருக்கறதால தனி அனுமதி வேண்டாம். கருவாடு மட்டும் ஆளுக்கு 20 கிலோ வரைக்கும் போகும்!

மஞ்சக்குப்பம்:
பாருங்க, கருவாட்டுக்காவது செக்-இன் வேணும்ல? தோள்பையில வச்சா பக்கத்து சீட்டுக்காரர் சும்மா இருப்பாரா?

ஒத்தப்பை:
கருவாடுன்னா ஒத்துக்கறேன். நல்லாக் காஞ்சதா வாங்குங்க, ஈரம் இருந்தா நாத்தமும் பூஞ்சணமும் வந்துடும். நியூஸ்பேப்பர்ல சுத்தி, இரண்டு ஜிப் கவர்ல போட்டு, மேல இறுக்கமா மூடுற டப்பா. மாத்திரை, மருந்துச் சீட்டு, ஒரு நாள் மாத்துத்துணி தோள்பையிலயே இருக்கட்டும். அந்தப் பெட்டியில உங்க சட்டை ஒண்ணுகூட வைக்காதீங்க.