ஆச்சி வீட்டுச் சுரங்கமும் அணைந்துபோன அரிக்கேன் விளக்கும்

காரைக்குடி உறுப்பினர் எழுதுவது:

நிலத்துக்கடியில் போய் வந்த அனுபவத்தை ஒவ்வொருவரும் எழுத வேண்டும் என்று நம் குகை தேடும் குழுவின் சென்ற கூட்டத்தில் முடிவானபோது, நான் எதை எழுதுவது என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. அது குகை அன்று. ஒரு வீட்டின் நிலவறையும் அதன் பின்கட்டில் இருந்த கிணறும்தான். ஏன் குகையை விட்டுவிட்டுக் கிணற்றுக்குப் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குழு தொடங்கிய புதிதில் நாங்கள் ஏறாத குன்று இல்லை. குன்றக்குடி மலையில் ஞானியார் மடம் எனப்படும் குகைத்தளத்துக்குப் போனோம். சித்தன்னவாசலில், பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளில் கால் வைத்து ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்துக்குப் போய், சமணத் துறவிகள் படுத்த 17 கற்படுக்கைகளையும் பார்த்தோம். தலைமாட்டில் தலையணையைப் போல மேடு விட்டுச் செதுக்கிய அந்தப் படுக்கைகளின் வழவழப்பும், அவற்றுள் ஒன்றின் ஓரத்தில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள தமிழ்ப் பிராமி எழுத்தும் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காதவை. ஆனால் இருட்டைத் தேடிப் போனவனுக்கு அங்கே இருட்டு இல்லை. எல்லாம் வெளிச்சம் விழும் பாறை ஒதுக்கங்கள். பதினைந்து இருபது அடியில் சுவர் வந்துவிடும். நீண்ட குகை உண்டாவதற்குச் சுண்ணாம்புப் பாறை வேண்டும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகி, அந்தப் பாறையைப் பல ஆயிரம் ஆண்டுகளாக அரித்துக்கொண்டே போக வேண்டும். நம் பக்கத்தில் இருப்பதோ கருங்கல்லும் செம்புறாங்கல்லும். இங்கே நீண்ட குகையைத் தேடுவது ஊருணியில் முத்துக்குளிப்பதற்குச் சமம்.

குகைதான் இல்லையே தவிர, சுரங்கக் கதைக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. திருமயம் கோட்டையிலிருந்து ஒரு சுரங்கம் போகிறது என்பார்கள். எங்கே போகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு ஊரைச் சொல்வார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் மண்வெட்டியை எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதால், அங்கெல்லாம் கதையைக் கேட்டுக்கொண்டு கீழே இறங்கிவிடுவோம். தோண்டிப் பார்க்க எங்களுக்கு ஒரு தனியார் இடம் தேவைப்பட்டது. கானாடுகாத்தானுக்குச் சற்றுத் தள்ளியுள்ள ஒரு ஊரில், பாதி இடிந்த வீட்டில் தனியாக இருந்த ஓர் ஆச்சி அதைத் தந்தார்கள். இரண்டாம் கட்டில் உள்ள நிலவறையிலிருந்து கோயில் வரைக்கும் வழி இருக்கிறது என்றும், தம் மாமனார் காலத்திலேயே அது மண் விழுந்து மூடிவிட்டது என்றும் அவர்கள் உறுதியாகச் சொன்னார்கள்.

அனுமதி வாங்குவதுதான் பெரிய தோண்டலாக இருந்தது. அந்த வீட்டுக்குப் பங்காளிகள் இருபத்து மூன்று பேர். சென்னையில் சிலர், சிங்கப்பூரில் சிலர், பேச்சுவார்த்தையே இல்லாதவர் சிலர். ஐந்து மாதம் ஆயிற்று. கடைசிப் பங்காளி சம்மதம் சொன்னபோது, நகை எது கிடைத்தாலும் தமக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் தோண்டினோம். நிலவறையில் இருவருக்கு மேல் நின்று வேலை செய்ய முடியாது. ஒருவர் சின்ன மண்வெட்டியால் பாண்டுச் சட்டியில் அள்ளுவார், அடுத்தவர் அதைப் படிக்கட்டு வரை இழுத்துத் தருவார், மற்றவர்கள் கைமாற்றி முற்றத்தில் கொட்டுவார்கள். உடைந்த ஓடும், கரையான் அரித்த தேக்குத் துண்டும், காரைக்கட்டியும் கலந்த மண் அது. மூன்றாவது ஞாயிறு பிற்பகலில் சுவரின் அடியில் ஒரு வளைவு தலைகாட்டியது. செங்கல்லை நிறுத்தி வைத்துக் கட்டிய சிறிய வளைவு. இரண்டடி உயரம்கூட இராது. இண்டு இடுக்கில் சுண்ணாம்புச் சாந்தை விரலால் வழித்துவிட்ட கொத்தனாரின் தடம் அப்படியே இருந்தது; மூன்று விரல் கோடுகள், நான்காவது பாதியில் நின்றிருந்தது. மெழுகுவர்த்தியை வளைவின் வாயருகே பிடித்தோம். சுடர் உள்ளே சாய்ந்தது. காற்று எங்கோ போகிறதென்றால் வழி எங்கோ திறந்திருக்கிறது என்று பொருள். அன்று இரவு யாருக்கும் தூக்கம் வந்திருக்காது, எனக்கு வரவில்லை.

அடுத்த வாரம் எங்களில் ஒல்லியான தம்பி ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து போனார். பதினைந்து அடி போனதும், தரை சரிகிறது, பாசி பிடித்திருக்கிறது, முன்னால் வெளிச்சம் தெரிகிறது என்று குரல் கொடுத்தார். அது பின்கட்டுக் கிணற்றின் சுவரில் இருந்த துவாரம். சுரங்கம் என்று மூன்று தலைமுறை நம்பியது, வளவு முற்றத்தில் விழும் மழைநீரைக் கிணற்றுக்குக் கொண்டுபோன கால்வாய். நாற்புறத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் இறங்கும் நீர் வீணாகக்கூடாது என்று அந்த வீட்டைக் கட்டியவர் நினைத்திருக்கிறார். நிலவறைச் சுவரை ஒட்டி அது போனதால் கதை முளைத்துவிட்டது. ஏமாற்றம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் அந்தக் கால்வாயின் வாட்டத்தை நூல் பிடித்துப் பார்த்தபோது, கோயிலுக்குப் போகும் சுரங்கத்தைவிட இதைக் கட்டியவனே கெட்டிக்காரன் என்று எனக்குத் தோன்றியது.

இனித்தான் நான் சொல்ல வந்தது. கிணறும் தூர்ந்து கிடந்தது. கால்வாயைத் திறந்த கையோடு அதையும் தூர் வாரிக் கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்தோம். நாற்பத்தைந்து அடிக் கிணறு. அடியில் முழங்கால் அளவு கறுப்புச் சேறு, அதன்மேல் பல ஆண்டு வேப்பஞ்சருகு. எங்களிடம் வாயுக்களை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. பிராணவாயு, கரியமில வாயு, இன்னும் இரண்டைக் காட்டும். எல்லோரும் பணம் போட்டு வாங்கியது. சேறு பட்டுக் கெட்டுவிடக்கூடாது என்று அதை நான்தான் ஒரு பாலித்தீன் பையில் போட்டு, வாயை ரப்பர் வளையத்தால் கட்டி, கயிற்றில் இறக்கினேன். ஐந்து நிமிடம் கழித்து ஏற்றிப் பார்த்தோம். பிராணவாயு 20.9 என்று காட்டியது. வெளிக்காற்றில் இருக்க வேண்டிய அதே அளவு. தம்பி கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

உதவிக்கு அழைத்திருந்த கிணறு வெட்டும் பெரியவர் அதுவரை ஒன்றும் பேசாமல் கப்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். “கொஞ்சம் பொறுங்க தம்பி, விளக்கு விட்டுப் பார்த்துருவோம்” என்றார். கருவி பார்த்தாயிற்று ஐயா என்று நான் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஆச்சியிடம் அரிக்கேன் விளக்கு ஒன்றை வாங்கி, திரியை ஏற்றி, தாம்புக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கினார். இருபது அடி வரை நன்றாக எரிந்தது. முப்பதடியில் சுடர் சிறுத்து மஞ்சள் மங்கியது. இன்னும் இரண்டு முழம் கயிறு விட்டார். சுடர் திரியைவிட்டு ஒரு நொடி மேலெழுந்து அணைந்தது. புகைகூட மேலே வரவில்லை. கிணற்றடியில் யாரும் பேசவில்லை. தம்பி இடுப்புக் கயிற்றை அவிழ்த்ததை மட்டும் பார்த்தேன்.

கருவி பொய் சொல்லவில்லை. நான் கட்டிய பைக்குள் இருந்த காற்றைத்தான் அது அளந்தது. அந்தக் காற்று மேலே நான் அடைத்த காற்று. பையைக் கழற்றி மறுபடி இறக்கியபோது முப்பதடியிலேயே அபாய ஒலி எழுப்பியது. அழுகும் சருகு பிராணவாயுவைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. அது காற்றைப்போல ஒன்றரை மடங்கு கனமானது, கிணற்றடியில் தேங்கி நிற்கும். மணமும் நிறமும் இல்லை. விளக்குச் சுடர் பிராணவாயு 16, 17 சதவீதத்துக்கு இறங்கும்போதே அணைந்துவிடும். மனிதன் அதற்குக் கீழும் சில நிமிடம் நிற்பான், ஆனால் தலை கிறுகிறுத்து ஏணிப்படியைப் பிடிக்க மறந்துவிடுவான். ஆனால் விளக்கு எரிகிறது என்பதை மட்டும் நம்பியும் இறங்கக்கூடாது. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கந்தக வாயுவை அது காட்டாது. அந்த வாயு கூடினால் மூக்கும் மரத்து, நாற்றம் போய்விட்டதாக நினைக்க வைக்கும். அதனால் இப்போது இரண்டையும் இறக்குகிறோம், பை இல்லாமல்.

வேப்பங்கிளைகளைக் கட்டுக்கட்டி மேலும் கீழும் ஆட்டுவதும், வாளி வாளியாக நீரை ஊற்றுவதும் பெரியவரின் முறை. அதோடு மோட்டார் ஊதியில் குழாய் மாட்டி அடிவரை காற்றை விட்டோம். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு விளக்கு அடியில் நின்று எரிந்தது. வேலை முடியும்வரை ஊதியை நிறுத்தவில்லை. சேற்றைக் கிளறினால் வாயு புதிதாக வரும் என்று பெரியவர் சொன்னார். ஒருவர் உள்ளே மயங்கினால் மேலிருப்பவர் பதறி இறங்கக்கூடாது, கயிற்றால் மட்டுமே ஏற்ற வேண்டும் என்று எங்களை ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்ல வைத்தார். கிணற்றுச் சாவுகளில் இரண்டாவது ஆள் எப்போதும் அண்ணனோ தம்பியோதான் என்பது அவர் கணக்கு.

சேற்றிலிருந்து ஏழு பித்தளைச் சொம்பும், அவற்றை எடுப்பதற்காக விட்டு அதுவே விழுந்துபோன ஒரு பாதாளக்கரண்டியும் வந்தன. நகை எதுவும் இல்லை என்று சிங்கப்பூருக்குத் தெரிவித்தோம். கோயிலுக்கு வழி இல்லையா என்று ஆச்சி இரண்டு முறை கேட்டார்கள். இல்லை ஆச்சி, தண்ணீருக்குத்தான் வழி என்றோம். சொம்புகளைப் புளி போட்டுத் துலக்கி வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, இதில் மூன்றாவது தம் சீர்வரிசையில் வந்தது என்றார்கள்.

தேவகோட்டை உறுப்பினர் எழுதுவது:

அண்ணன் எழுதியதைப் படித்ததும் பேலம் நினைவுக்கு வந்தது. ஆந்திரத்தின் நந்தியால் மாவட்டத்தில் உள்ள அந்தக் குகையின் வாயும் ஒரு கிணற்றைப் போலவே இருக்கிறது. சமவெளியில் நடந்துகொண்டே போகிறோம், திடீரென்று காலடியில் குழி. 3,229 மீட்டர் நீளம் அளந்திருக்கிறார்கள். பயணிகளுக்குத் திறந்திருப்பது அதில் பாதியளவுதான். 1884-இல் இதைப் பதிவு செய்தவர் ராபர்ட் புரூஸ் பூட். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே நிலவியலாளர்.

நான் பள்ளியில் அறிவியல் கற்பிப்பவள். குகை குளிர்ச்சியாக இருக்கும் என்று மாணவிகளிடம் சொல்லிக் கூட்டிப்போனேன். உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. குகையின் வெப்பநிலை ஏறத்தாழ அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். நந்தியாலின் சராசரி என்னவென்று யோசிக்காமல் சொல்லிவிட்ட தவறு என்னுடையது. பாதாளகங்கை எனப்படும் ஆழமான இடத்தில் என் மாணவி ஒருத்தி சுவரோடு ஒட்டி நின்று நகர மறுத்தாள். சமாதானம் பேசியதெல்லாம் வீணாயிற்று. வழிகாட்டி வந்து, பேசாமல் அவள் கையை எடுத்துப் பாறையின் ஈரத்தில் வைத்து, எத்தனை சொட்டு விழுகிறது என்று எண்ணச் சொன்னார். நாற்பதை எட்டியதும் அவளாகவே நடந்தாள்.

இரண்டு ஆண்டு கழித்து மேகாலயத்தில் சிரபுஞ்சி அருகே மவ்ம்லு குகைக்கும் போனேன். அது வேறு உலகம். இடுப்பளவு தண்ணீர், பற்களை நடுக்கும் குளிர். அந்தக் குகையில் நீர் சொட்டிச் சொட்டி உருவான கசிவுப்பாறை ஒன்றை ஆராய்ந்துதான், 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பெரும் வறட்சியை எல்லையாக வைத்து, இன்றைய புவியியல் காலத்துக்கு மேகாலயன் என்று 2018-இல் பெயரிட்டார்கள். கூரையிலிருந்து தொங்கும் விரல்நீளக் கல் ஒன்றைக் காட்டி, இது வளர ஆயிரம் ஆண்டு ஆகியிருக்கலாம் என்று உடன் வந்த காசிப் பழங்குடி இளைஞர் சொன்னார். அதற்குப் பக்கத்திலேயே யாரோ உடைத்தெடுத்த தழும்பு இருந்தது.

வெளிநாட்டுக் குகைக் குழுவினர் தோண்டும் முறையைப் பற்றி அங்கேதான் கேட்டறிந்தேன். குகை முடிந்துவிட்டதாகத் தோன்றும் மண்ணடைப்பில் காற்று வருகிறதா என்று பார்ப்பார்களாம். வந்தால் பல வாரம், சில இடங்களில் பல ஆண்டுகள்கூட, வார இறுதிதோறும் தட்டில் மண்ணை இழுத்து வெளியேற்றுவார்களாம். உங்கள் மெழுகுவர்த்திச் சுடரும் பாண்டுச் சட்டியும் அதே முறைதான், அண்ணே.

திருமயம் உறுப்பினர் எழுதுவது:

எனக்கு நீளமாக எழுத வராது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு குன்றில், பாறைப் பிளவுக்குள் முகத்தை மூடாமல் போனேன். தரை முழுவதும் வௌவால் எச்சம். கணுக்கால் வரை புதைந்தது, கண் எரிந்தது. அந்தக் காலத்தில் இதை வயலுக்கு உரமாக அள்ளிப் போனார்கள் என்று தாத்தா சொன்னதால் நான் பயப்படவில்லை. பன்னிரண்டு நாள் கழித்துக் காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தன. மூன்று வாரம் விடவில்லை. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர்தான், வௌவால் அடையும் இடத்துக்குப் போனீர்களா என்று கேட்டார். காய்ந்த எச்சத்தூசியில் நுரையீரலைப் பிடிக்கும் பூஞ்சை இருக்கக்கூடுமாம். முதலில் பார்த்தவரிடம் குகைக்குப் போனதை நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இன்னொன்று. குட்டி ஈனும் பருவத்தில் அங்கே போகக்கூடாது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நாம் விளக்கடித்தால் தாய் பறக்கும், குட்டி கீழே விழும். நான் போன அன்று தரையில் இரண்டு கிடந்தன.

வரும் ஞாயிறு பள்ளத்தூர்க் கிணற்றுக்கு என்னிடம் உள்ள அறுபது அடி நைலான் கயிற்றைக் கொண்டு வருகிறேன். அரிக்கேன் விளக்கு யாரிடமாவது இருந்தால் கண்ணாடி உடையாமல் எடுத்து வரவும். எங்கள் வீட்டில் இருந்ததைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.