கிறிஸ் ஹோய்: கிலோவிலிருந்து கெய்ரினுக்கு

கேள்வி: 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 'கிலோ' எனப்படும் 1 கிலோமீட்டர் டைம் டிரையலில் (தனியாக நேரத்தை எதிர்த்து ஓட்டுவது) பிரிட்டன் டிராக் சைக்கிள் வீரர் ஹோய்க்குத் தங்கம். பிறகு அந்தப் போட்டியையே ஒலிம்பிக்கிலிருந்து தூக்கிவிட்டார்கள். அப்புறம் 2008 பெய்ஜிங்கில் ஸ்பிரிண்ட், கெய்ரின், டீம் ஸ்பிரிண்ட் என்று எப்படி 3 தங்கம்?

பதில்: கிலோ பயிற்சிதான் கைகொடுத்தது. ஒரு நிமிடம் முழு வேகத்தில் மிதித்துப் பழகிய கால். கெய்ரினில் வீரர்களுக்கு முன்னால் போகும் டெர்னி என்ற சிறிய மோட்டார் வண்டி மணிக்கு 50 கி.மீ. வரை வேகத்தை ஏற்றிவிட்டு விலகும். ஹோய் சீக்கிரமே பாய்ந்து முன்னிடத்தைப் பிடிப்பார். முந்த வருபவர் வளைவில் வெளிப்பக்கமாக அதிக தூரம் மிதிக்க வேண்டும். அங்கேயே கால் கனத்துவிடும்.

இன்னொரு பதில்: டீம் ஸ்பிரிண்டையும் பாருங்க. மூவர் அணி. ஆளுக்கொரு சுற்று (250 மீட்டர்) முன்னால் ஓட்டி விலகணும். ஹோய் 3-வது ஆள். அதனால் 3 சுற்றும், அதாவது 750 மீட்டரும் அவர் ஓட்டணும்.

கேட்டவர்: 2012 லண்டனில் ஸ்பிரிண்ட் ஏன் ஓட்டவில்லை?

பதில்: நாட்டுக்கு ஒருவர்தான் என்று விதி மாறியது. பிரிட்டனுக்காக ஜேசன் கென்னி இறங்கி வென்றார். ஹோய்க்கு கெய்ரின், டீம் ஸ்பிரிண்ட் இரண்டிலும் தங்கம்; ஒலிம்பிக் தங்கம் மொத்தம் 6.