முச்சக்கர வண்டியின் வலுத்தேவையை அளக்க உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையின் உவர்மலை ஏற்றத்தில் பயணிகளோடு ஏறும் முச்சக்கர வண்டி எவ்வளவு காபனோரொட்சைட்டை வெளிவிடுகிறது என்பதை, வேகம், ஆர்முடுகல், வீதியின் சாய்வு ஆகியவற்றிலிருந்து ஒரு தொன் திணிவுக்கான வலுவைக் கணித்து மதிப்பிட முயல்கிறேன். நின்ற நிலையில் செய்யும் புகைப் பரிசோதனை இதைக் காட்டாது.

வேகத்தைக் கைபேசியின் ஜிபிஎஸ் மூலம் செக்கனுக்கு ஒருமுறை பதிவுசெய்கிறேன், சாய்வுதான் சிக்கல். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில், சாய்வு 2 சதவீதம் பிழைத்தாலே விடை தொன்னுக்கு ஏறத்தாழ 2 கிலோவாற்று மாறிவிடும். சமதரையில் அதே சீரான வேகத்தில் ஓடும் காருக்கு, இவ்வலுவைக் கணிக்கும் வழக்கமான சூத்திரம் தரும் மொத்த வலுவே தொன்னுக்குச் சுமார் 1.6 கிலோவாற்றுதான் என்பதால், இப்பிழையைப் பொருட்படுத்தாமல் விட மனம் ஒப்பவில்லை.

அச்சூத்திரத்தில் உருளல் தடைக்குரிய 0.132, வளித்தடைக்குரிய 0.000302 ஆகிய குணகங்களும் கார்களுக்கு உரியவை. பக்கங்கள் திறந்த மூன்று சில்லு வண்டிக்கு அவற்றை அப்படியே இடுவது தவறென்றே கருதுகிறேன். ஆகவே நிலாவெளி வீதியின் சமதரைப் பகுதியில், காற்று அடங்கிய விடியற்காலையில், கியரை விடுவித்து வண்டியைத் தானாக ஓடவிட்டு, இரு திசைகளிலும் அமர்முடுகலை அளந்து, இவ்வண்டிக்குரிய குணகங்களைக் கண்டறிய எண்ணியுள்ளேன்.

இச்சோதனையைச் செய்தவர்கள், எத்தனை ஓட்டங்களின் சராசரியை எடுத்தீர்கள் என்பதைத் தயவுசெய்து அறியத்தாருங்கள். வளியமுக்க உணரியால் வீதியின் உயரத்தை அளந்தவர்கள் இருப்பின், உங்கள் முறையை விளக்கினால் பேருதவியாக இருக்கும்.