ரோட்டில் தெறிக்கும் கல்லிலிருந்து காரின் பெயின்டைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் கார் வைத்திருக்கும் அண்ணாமார், தம்பிமாரிடம் ஒரு உதவி.

என்னுடையது கறுப்பு மஸ்தா ஆர்எக்ஸ்-8. வேலை விஷயமாகச் செங்கலடியால் திரும்பி மகாஓயாப் பக்கம் அடிக்கடி ஓடவேண்டும். கிரவல் ஏற்றிய டிப்பருக்குப் பின்னால் மாட்டினால் சரி, பம்பரிலும் பொனட் விளிம்பிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுகிறது. கார் தாழ்வாக இருப்பதால் கல் நேராக மூக்கில்தான் அடிக்கும். போதாததற்கு அகலமான முன் டயர்கள் எறியும் கல் கதவுக்குக் கீழே உள்ள விளிம்பைப் பதம் பார்க்கிறது. பொனட் அலுமினியம், செந்துரு பிடிக்காது. கீழ்ப்பகுதி இரும்பு. நம்முடைய உப்புக்காற்றில் பெயின்ட் பெயர்ந்த இடம் சும்மா கிடக்குமா?

செராமிக் கோட்டிங் அடிக்கச் சொல்கிறார்கள். அது மினுக்கத்துக்கும் கழுவுவதற்கும் நல்லது, ஆனால் அவ்வளவு மெல்லிய பூச்சு கல்லைத் தாங்காது. பிபிஎஃப் என்கிற தடித்த பொலியூரிதேன் ஃபிலிம்தான் சரிவரும் போலிருக்கிறது. முழுக் காருக்கும் ஒட்ட வசதியில்லை. பம்பர், பொனட், பக்கக் கண்ணாடி, கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு போதும்.

இங்கே யாராவது ஒழுங்காக ஒட்டுகிறார்களா? என்ன செலவாகும்? பம்பருக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தால் எத்தனை வாரம் காயவிட்டு ஒட்டினீர்கள்? வெயிலில் மஞ்சளடித்ததா, ஓரம் கிளம்பியதா? ஒட்டி ஒரு வருடம் தாண்டிய படம் இருந்தால் போடுங்கள். கொழும்புக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றால் அதையும் சொல்லுங்கள்.